மாகுலா சிதைவு: சிகிச்சையில் நாள் தவறும் இடங்கள்

அறுபதைத் தாண்டிய ஒருவர் "பார்வை மங்குது" என்றால் வீட்டில் வரும் பதில் ஒன்றுதான்: புரையா இருக்கும், அப்புறம் பார்த்துக்கலாம். புரை என்றால் சில மாதம் தள்ளிப்போவதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலா சிதையும் நோயில், அதுவும் ஈர வகையில், அப்படித் தள்ளிப்போட முடியாது. விழித்திரைக்கு அடியில் புதிதாக முளைக்கும் ரத்தக் குழாய்கள் கசிந்து அங்கே தழும்பு விழுந்துவிட்டால், அந்த இடத்தை எந்த மருந்தும் மீட்காது. இதில் அவகாசம் வாரக் கணக்கில்தான்.

ஒரு கண் கெட்டாலும் மற்றது ஈடுகட்டிவிடும் என்பதால் நோய் வெளியே தெரிவதில்லை. "ரெண்டும் நல்லாத்தான் தெரியுது" என்று சொல்லும் பெரியவரின் நல்ல கண்ணை மூடிவிட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கச் சொன்னால், "மூக்கு இருக்கிற இடத்துல அழுக்கு மாதிரி இருக்கே" என்பார். கதவு நிலை, ஜன்னல் கம்பி, குளியலறை டைல்ஸ் கோடு எதுவாவது வளைந்து தெரிந்தால் கண்ணாடி பவரை மாற்றி அனுப்புவது தவறு. கண் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்து, விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கோடுகள் வளைகின்றனவா என்று வீட்டிலேயே பார்க்க, நடுவில் புள்ளி வைத்த ஆம்ஸ்லர் கட்டத்தாளை மருத்துவர்கள் எல்லோரும் கொடுத்தனுப்புகிறோம். அதை ஃப்ரிட்ஜில் ஒட்டி, இரண்டு கண்ணாலும் ஒருமுறை பார்த்துவிட்டு "சரியாத்தான் இருக்கு" என்றால் சோதனையே நடக்கவில்லை என்று அர்த்தம். படிக்கும் கண்ணாடியைப் போட்டு, சுமார் 30 செ.மீ. தள்ளி வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுப் புள்ளியை மட்டும் பார்க்க வேண்டும். பிறகு அடுத்த கண். கோடுகள் நேராகத் தெரிந்தாலும் குறித்த நாளில் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும். தொடக்கக் கசிவு இந்தக் கட்டத்தாளில் பிடிபடாமல் போவது உண்டு.

என் கணக்கில் மிகப் பெரிய தவறு, கசிவை அடக்கக் கண்ணுக்குள் போடும் ஊசியை நடுவில் நிறுத்துவது. அதில் பாதிப் பழி மருத்துவர்கள் மேல்தான். "எத்தனை ஊசி டாக்டர்?" என்று கேட்டால் "முதல்ல மூணு போட்டுப் பார்க்கலாம்" என்கிறோம். மாதம் ஒன்றாக மூன்று போட்டதும் கோர்ஸ் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்த மருந்து குழாய்களை வளரவைக்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைக் கொஞ்ச காலம் கட்டிவைக்கிறது, அவ்வளவுதான். மருந்து தீர்ந்தால் கசிவு திரும்பலாம். கசிந்த திரவம் வற்றியிருந்தால் இடைவெளியை இரண்டிரண்டு வாரமாகக் கூட்டிப் பன்னிரண்டு வாரம்வரை போகலாம், திரும்பினால் குறைக்க வேண்டும். முதல் ஆண்டில் ஏழெட்டு ஊசி ஆவது சாதாரணம். இதையும் செலவையும் முதல் நாளே, அழைத்து வரப்போகும் மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது சொல்லிவிட வேண்டும். பார்வை கூடாவிட்டாலும் குறையாமல் நிற்பதே பல கண்களில் வெற்றி என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால், "போட்டும் பிரயோசனமில்லை" என்று நின்றுவிடுவார்கள்.

செலவு கட்டுப்படியாகாத வீட்டில், இதே வேலையைச் செய்யும் விலை குறைந்த பெவாசிசுமாப் மருந்தின் பேச்சு வரும். "கேன்சர் மருந்தையா கண்ணுல போடுறீங்க?" என்று பயப்படுவது இயல்பு. குடலில் வரும் புற்றுக்கு அனுமதி பெற்ற மருந்துதான். ஆனால் 2011-இல் வெளியான அமெரிக்காவின் சி.ஏ.டி.டி. ஆய்வில், ஒரே கால அட்டவணையில் போட்டபோது பார்வையைக் காப்பதில், கண்ணுக்கென்றே வந்த விலை கூடிய ரானிபிசுமாப் மருந்துக்கு ஈடாக நின்றது. கவனிக்க வேண்டியது, ஒரு குப்பியைப் பல ஊசிகளாகப் பிரிக்கும் இடத்தின் சுத்தத்தை. எந்த மருந்தானாலும் ஊசிக்கு அடுத்த சில நாட்களில் வலியும் சிவப்பும் கூடி, பார்வை இறங்கினால் அன்றே வர வேண்டும். அது கண்ணுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். "ஊசி போட்டா வலிக்கத்தானே செய்யும்" என்று ஒரு ராத்திரி பொறுப்பதே ஆபத்து.

விடாமல் போட்டும் திரவம் வற்றவில்லையா? மருந்தை மாற்றுவதற்கு முன் நோய் எது என்று இன்னொரு முறை பாருங்கள். ரத்தக் குழாய் முனைகள் மொட்டுப்போல் புடைக்கும், ஆசியர்களிடம் அதிகம் காணப்படும் பாலிபாய்டல் வகையை, சாயம் ஏற்றிக் கண்ணின் குழாய்களைப் படமெடுக்கும் ஐ.சி.ஜி. ஆஞ்சியோகிராம்தான் தெளிவாகக் காட்டும்.

வைட்டமின் மாத்திரையை வயதான எல்லோருக்கும் எழுதுவது இன்னொரு பழக்கம். இந்த மாத்திரைகளைச் சோதித்த அமெரிக்காவின் ஏ.ஆர்.இ.டி.எஸ். ஆய்வின்படி நோய் இடைநிலையில் இருப்பவர்களுக்கும், ஒரு கண்ணில் நோய் முற்றியவர்களுக்கும்தான் பயன்: முற்றும் வாய்ப்பு சுமார் 25% குறைந்தது. தொடக்க நிலையில் பயன் தெரியவில்லை. போன பார்வையும் இதனால் திரும்பாது. புகைப்பவர்கள், புகையை விட்டவர்கள் என்றால் லேபிளைப் படியுங்கள். பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்று அபாயத்தைக் கூட்டும் என்பதால் 2013-இல் வந்த இரண்டாம் ஆய்வு அதற்குப் பதில் லூட்டின், சியாசாந்தின் என்ற இரண்டு சத்துகளைப் பரிந்துரைத்தது. சிகரெட்டை விடச் சொல்லாமல் மாத்திரை மட்டும் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக, "இனி ஒண்ணும் செய்யறதுக்கில்லை" என்று அனுப்பிவிடுவது. உருப்பெருக்கி, நல்ல வெளிச்சம், போனில் எழுத்தைப் பெரிதாக்குவது என்று செய்ய நிறைய உண்டு. பார்வை குறைந்தவர்களில் சிலருக்கு இல்லாத ஆட்களும் பூக்களும் சுவரில் தெரியும்; சார்ல்ஸ் பானே நோய்க்குறி என்று பெயர். புத்தி பேதலித்துவிட்டது என்பார்களோ என்று பயந்து அவர்களாகச் சொல்வது அபூர்வம். ஆகவே நாமே கேட்டுவிட வேண்டும்: "இல்லாதது ஏதாவது தெரியுதா அம்மா?"