நெடுந்தீவுப் படகுக்குப் பை கட்டுவது எப்படி?

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து குமுதினி, வடதாரகை போன்ற படகொன்றில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவை அடையலாம். பயணம் குறுகியது என்று எண்ணிச் சிலர் வெறுங்கையுடன் வந்து வெயிலில் வாடுகின்றனர். வேறு சிலர் சக்கரப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்து துறையிலேயே திண்டாடுகின்றனர்.

பையைத் தெரிவு செய்யும்போது படகில் ஏறும் முறையை மனத்தில் கொள்ள வேண்டும். துறையில் படகுகள் ஒன்றோடொன்று அணைத்துக் கட்டப்பட்டிருக்கும் வேளைகளில், ஒரு படகின் விளிம்பில் கால் வைத்து அடுத்த படகுக்குத் தாண்ட நேரிடும். அலைக்கேற்ப அந்த விளிம்பு ஏறியும் இறங்கியும் கொண்டிருக்க, மறுபக்கத்தில் நிற்பவர் நீட்டும் கையைப் பற்றுவதற்கு நம் கை வெறுமையாக இருந்தாக வேண்டும். ஆகவே இரு தோள்களிலும் மாட்டக்கூடிய ஒரே பைதான் பொருத்தமானது. காலைத் தடுக்கும் சேலையையும் நழுவும் செருப்பையும் அன்றைக்குத் தவிர்த்துவிட்டு, குதிகாலில் பட்டி உள்ள செருப்பை அணிவது நல்லது. கரையோரம் கூரிய பவளக்கற்கள் கிடப்பதால் அதே செருப்பு தீவிலும் உதவும்.

பைக்குள் செல்லும் அனைத்தும் நனையும் என்று வைத்துக்கொண்டே அடுக்க வேண்டும். தென்மேற்கிலிருந்து சோழகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், திறந்த தட்டில் இருப்போர்மீது உப்புநீர் தெறிப்பது வழமை. மாற்றுடை, துவாய், பணம், அடையாள அட்டை (வெளிநாட்டவராயின் கடவுச்சீட்டு) ஆகியவற்றைத் தடித்த பொலித்தீன் பையில் இட்டு, காற்றை வெளியேற்றி, வாயை முறுக்கி மடித்துக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் தலைகீழாக வைத்தால் நீர் எளிதில் புகாது. கைபேசிக்குக் கழுத்தில் தொங்கவிடும் நீர்புகா உறை தனியாக இருக்கட்டும். படகில் தரும் உயிர்காப்பு அங்கி அழுக்காகத் தெரிந்தாலும் அதை அணிந்துகொள்ளுங்கள். பையை மடியில் வைத்துக்கொள்ளலாம்.

குமட்டல் உள்ளவர்கள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையைப் படகு புறப்படுவதற்கு அரை மணி நேரமாவது முன்னதாக விழுங்க வேண்டும். அலை ஆட்டத் தொடங்கிய பின் விழுங்குவதால் பெரிய பயனில்லை. சிலருக்கு அது தூக்கத்தைத் தரும். ஒரு துண்டு இஞ்சி, ஒரு தேசிக்காய், இரண்டு வெறும் பொலித்தீன் பைகள் ஆகியவை பையின் அடியில் கிடக்காமல் சட்டைப் பையில் இருக்க வேண்டும். உள்ளே அமர்ந்தால் வெயில் படாது என்றாலும், இயந்திரச் சூடும் டீசல் நாற்றமும் வயிற்றைப் புரட்டக்கூடும்.

எடையில் பெரும்பங்கு தண்ணீருக்கே போக வேண்டும். நெடுந்தீவுக் கிணறுகள் பலவற்றில் உவர்நீரே ஊறுகிறது. நன்னீர் அங்குள்ள மக்களுக்கே அருமையான பொருள். பகல் முழுவதும் சுற்றும் பெரியவர் ஒருவருக்கு மூன்று லீற்றர் என்று கணக்கிட்டுக் கொண்டு செல்லுங்கள். கூடவே ஜீவனிப் பைக்கற்று (நீரில் கரைத்துக் குடிக்கும், நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புத்தூள்) இரண்டு இருக்கட்டும். உணவைப் பொறுத்தவரை, தேங்காய்ச் சம்பலும் பால்கறியும் அந்த வெப்பத்தில் மதியத்துக்குள் பழுதாகிவிடும்; புளி சேர்த்த கட்டுச்சோறு, வாழைப்பழம், அவித்த கடலை போன்றவை தாங்கும். வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு பை வேண்டும்.

கட்டைக்குதிரைகள் மேயும் வெளி, பவளக்கல்லால் கட்டிய பழைய கோட்டை, பெருக்குமரம் (பருத்த அடிமரமுள்ள பாவோபாப் மரம்) என்று பார்க்க வேண்டிய இடங்கள் தீவெங்கும் சிதறிக் கிடக்கின்றன. இடையில் நிழல் குறைவு. முழுக்கைப் பருத்திச் சட்டையும், தாடையின் கீழ் கட்டக்கூடிய நாடாவுடன் கூடிய தொப்பியும் வேண்டும். படகில் காற்றுக் குளிர்ச்சியாகப் படுவதால் தோல் எரிவது தெரியாது. எனவே வெயில் தடுப்புக் களிம்பைத் துறையிலேயே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். குடையைப் படகில் விரித்தால் பக்கத்திலிருப்பவரின் கண்ணுக்குத்தான் ஆபத்து. தீவைச் சுற்றிக்காட்டும் வாகனத்துக்குச் சில்லறைத் தாள்களாகப் பணம் வைத்திருந்தால் பேச்சு எளிதில் முடியும்.

படகு நேரங்கள் மாறக்கூடியவை என்பதால் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். கடல் கொந்தளித்தால் திரும்பும் படகு நின்றுவிடவும் கூடும். ஆகையால் பகல் பயணமே ஆனாலும், நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளில் மேலும் இரண்டு நாளுக்கானவை, ஒரு சிறிய டோர்ச், நுளம்புத்திரி, ஓர் இரவு தங்குவதற்கான பணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டுங்கள். இவை அனைத்தும் சேர்ந்தும் ஒரு தண்ணீர்ப் போத்தலின் எடைக்கு மேல் வராது.