குற்றத்துக்கு உடலையும் மனத்தையும் காரணம் காட்டும் ஆய்வுகளைப் படிக்கும் முறை

குற்றவியல், சட்டம், சமூகப்பணி ஆகிய எதைப் படித்தாலும், குற்றச் செயலுக்கு உயிரியல் காரணமும் உளவியல் காரணமும் கூறும் கோட்பாடுகள் தொடக்கப் பாடங்களிலேயே வந்துவிடும். அறிஞர் பெயர், ஆண்டு, ஒருவரிக் கருத்து, இரண்டு குறைபாடுகள் என்ற அளவில் அவற்றை மனப்பாடம் செய்து பலரும் தேர்வைக் கடந்துவிடுகிறார்கள். அப்படிப் படித்தவர் நாளை நன்னடத்தை அலுவலராகி ஒரு சிறுவனைப் பற்றி அறிக்கை எழுத அமரும்போது, அந்த ஒருவரிக் கருத்தே அறிக்கைக்குள் புகுந்து அவன் தலையெழுத்தைத் தீர்மானித்துவிடும் என்பது என் கவலை. ஆகவே ஒரு கோட்பாடு எந்த ஆய்வின்மீது நிற்கிறதோ அந்த ஆய்வை எடுத்துவைத்துப் படிக்கும் முறையை இங்கே விளக்குகிறேன்.

யாரை யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதை முதலில் பாருங்கள். இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ 1876இல் வெளியிட்ட நூலில், கைதிகளின் மண்டையோடு, தாடை, காது முதலியவற்றை அளந்து, குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்தங்கிய ஆதிமனிதனின் சாயலோடு பிறப்பவன் என்றார். நாம் கேட்க வேண்டியது, அதே அளவுகள் சிறைக்கு வெளியே இருப்பவர்களிடம் எப்படி இருந்தன என்பதே. அந்த வேலையைச் சார்லஸ் கோரிங் செய்தார். சுமார் 3,000 ஆங்கிலேயக் கைதிகளை அளந்து, மாணவர்கள், படைவீரர்கள் போன்றோரின் அளவுகளோடு ஒப்பிட்டு, குற்றவாளிக்கென்று தனி உடல்வகை ஏதுமில்லை என்று 1913இல் எழுதினார். கைதிகள் உயரத்திலும் எடையிலும் சற்றே குறைந்திருந்ததை அவர் கண்டார். குற்றத்துக்கு அறிவுக்குறைவே பெரிய காரணம் என்றும் கருதினார். பாடநூல்கள் இந்தப் பின்பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. மேலும், சிறையில் அளக்கப்படுபவர் குற்றம் செய்தவர் மட்டுமல்லர்; பிடிபட்டு, வழக்கில் தோற்று, தண்டனையும் பெற்றவர். இத்தனை வடிகட்டல்களையும் தாண்டி உள்ளே சேர்ந்தவர்களிடம் காணும் எந்த வேறுபாடும் குற்றத்தால் வந்ததா, வறுமையால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம்.

அடுத்து, விழுக்காட்டை அப்படியே விழுங்காமல் அதை ஆட்களின் எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். இதற்கு டென்மார்க்கில் 1924 முதல் 1947 வரை நடந்த 14,427 தத்தெடுப்புகளை வைத்து சார்னாஃப் மெட்னிக் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வைவிடப் பொருத்தமான பயிற்சியை நான் கண்டதில்லை. பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் வேறொருவர் என்பதால், பிறப்பின் பங்கையும் வளர்ப்பின் பங்கையும் ஓரளவு தனித்தனியே காண முடிகிறது. பெற்றோர், வளர்ப்புப் பெற்றோர் ஆகிய இரு தரப்பிலும் தண்டனை பெற்றவர் இல்லாதபோது, தத்துக்கொடுக்கப்பட்ட ஆண் பிள்ளைகளில் 13.5 விழுக்காட்டினர் தண்டனை பெற்றிருந்தனர். வளர்த்தவர் மட்டும் தண்டனை பெற்றிருந்தால் 14.7, பெற்றவர் மட்டும் என்றால் 20.0, இரு தரப்பும் என்றால் 24.5. இதைக் கண்டவுடன் ‘குற்றம் இரத்தத்தில் ஓடுகிறது’ என்று எழுதிவிடும் விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு நான்காவது எண்ணை இன்னொரு முறை பாருங்கள். அந்தப் பிரிவில் இருந்தவர்கள் 143 பேர். தண்டனை பெற்றவர்கள் சுமார் 35 பேர். பெற்றவரும் வளர்த்தவரும் தண்டனை பெற்ற, நால்வகையிலும் மிக மோசமான அந்த நிலையிலும் நால்வரில் மூவர் எந்தத் தண்டனையும் பெறவில்லை. பெற்றோரோடு காணப்பட்ட தொடர்பும் சொத்து சார்ந்த குற்றங்களில்தான் தெரிந்தது. வன்முறைக் குற்றங்களில் அது தெளிவாகத் தெரியவில்லை. பிறப்பின் பங்கு இல்லை என்று நான் சொல்லவரவில்லை, 13.5க்கும் 20.0க்கும் இடையே உள்ள வேறுபாடு உண்மையானது, அதை மறைப்பதும் நேர்மையன்று. ஆனால் அந்த வேறுபாடு ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. எதிரே நிற்கும் ஒருவனைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு.

இதே கணக்கை எக்ஸ்ஒய்ஒய் குரோமோசோம் விவகாரத்துக்கும் போட்டுப் பாருங்கள். ஆண்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு ஒய் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும். 1965இல் பாட்ரிசியா ஜேக்கப்ஸ் குழுவினர் ஸ்காட்லாந்தில் மனநலக் குறைபாடுள்ளவர்களைக் காவலில் வைத்திருந்த கார்ஸ்டேர்ஸ் மருத்துவமனையில் 197 பேரைச் சோதித்து அவர்களில் 7 பேரிடம் இதைக் கண்டதும், ‘வன்முறைக் குரோமோசோம்’ என்ற பேச்சு உலகெங்கும் பரவியது. காவலில் இருப்பவர்களை மட்டுமே சோதித்தது ஒரு குறை என்பதை முதல் கேள்வியிலேயே கண்டுபிடித்திருப்பீர்கள். டென்மார்க்கில் 1976இல் வெளிவந்த ஆய்வு அதைச் சரிசெய்தது. 184 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உயரமுள்ள 4,139 ஆண்களைச் சோதித்ததில் எக்ஸ்ஒய்ஒய் உடையவர்கள் 12 பேர். அவர்களில் 5 பேர் தண்டனை பெற்றிருந்தனர். இயல்பான குரோமோசோம் உடையவர்களில் தண்டனை பெற்றவர்கள் 9.3 விழுக்காடு. 12இல் 5 என்பது பெரிய விகிதம்தான், ஆனால் 9.3 விழுக்காட்டை ஆட்களாக மாற்றினால் சுமார் 380 பேர் வருகிறார்கள். குற்றப்பதிவேட்டில் இருந்தவர்களில் 5 பேரை அந்தக் குரோமோசோமோடு தொடர்புபடுத்தினால், மீதியுள்ள 380 பேரை எதோடு தொடர்புபடுத்துவது? அந்த ஐவரும் வன்முறையில் மிஞ்சியவர்கள் என்பதற்கும் சான்று கிடைக்கவில்லை.

மரபணு ஆய்வுகளில் ‘எந்தச் சூழலில்’ என்ற சொற்களைத் தேடுங்கள். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972–73இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்விலிருந்து 2002இல் வெளியான கட்டுரை, மூளையின் சில வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதியை உருவாக்கும் எம்ஏஓஏ மரபணுவின் செயல்திறன் குறைந்த வடிவத்தை உடையவர்கள், சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகியிருந்தால் பிற்காலத்தில் வன்முறையில் ஈடுபடும் வாய்ப்பு கூடுகிறது என்றது. கொடுமை நேராதவர்களிடம் அந்த மரபணு வடிவம் அத்தகைய விளைவைக் காட்டவில்லை. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

உளவியல் ஆய்வுகளுக்கு வரும்போது, காலம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். ஜான் பௌல்பி 1944இல் திருட்டுப் பழக்கமுள்ள 44 சிறுவர் சிறுமியரை ஆராய்ந்து, அன்பற்ற குணமுடையவர்கள் என்று வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர் இளவயதில் தாயை நெடுநாள் பிரிந்திருந்ததாகக் கூறினார். இங்கே திருட்டு முதலில் தெரிந்தது, கடந்தகாலம் பிறகு தேடப்பட்டது, வகைப்படுத்தியவரும் அவரே. இதற்கு மாறாக, லண்டனில் 1961இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ் ஆய்வு, 411 சிறுவர்களை எட்டு ஒன்பது வயதிலேயே பதிவுசெய்துகொண்டு, யார் என்ன ஆகிறார்கள் என்று பல பத்தாண்டுகள் காத்திருந்தது. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடாதீர்கள்.

உளவியலில் இன்னொரு கண்ணி உண்டு. இரக்கமோ குற்றவுணர்வோ இல்லாத ஆளுமையை, அதாவது சைக்கோபதியை, அளக்க உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலில் 20 கூறுகள், மொத்தம் 40 புள்ளிகள். அந்தக் கூறுகளுள் சிறுவயதுக் குற்றங்களும் பலவகைக் குற்றங்களில் ஈடுபட்டமையும் அடங்கும். ஆகவே அந்தப் பட்டியலில் அதிகப் புள்ளி பெற்றவர் குற்றம் புரிந்தவராகவும் இருக்கிறார் என்று கண்டால், அதில் ஒரு பகுதி நாமே உள்ளே போட்டுவைத்தது. எந்த அளவுகோலைக் கண்டாலும் அதன் கேள்விகளை ஒன்றுவிடாமல் படியுங்கள்.

நம் ஊரைச் சேர்த்து எழுதும்போது காரணகாரியத்தில் கவனம் தேவை. சில சமூகங்களை முழுமையாகக் குற்றப்பரம்பரை என்று அறிவித்து அவர்களின் கைரேகையைப் பதிந்ததால் மக்கள் ரேகைச் சட்டம் என்றழைத்த குற்றப்பரம்பரைச் சட்டம் லொம்ப்ரோசோவின் கருத்திலிருந்து பிறந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சட்டம் 1871இல் வந்தது, அவர் நூல் 1876இல் வந்தது. சாதித்தொழில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வதுபோலக் குற்றமும் தொடரும் என்ற ஆட்சியாளர் எண்ணமே அதன் அடித்தளம். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. ரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டார்கள். யாரும் யாருடைய மண்டையோட்டையும் அளக்காமலேயே, பிறப்பு ஒன்றை வைத்துக் குற்றவாளி என்று முடிவுகட்ட ஓர் அரசால் முடிந்தது.

இப்போது அறிக்கை எழுதும் மேசைக்கு வருவோம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கொடிய குற்றம் சாட்டப்பட்ட, 16 வயது நிறைந்த சிறார் விஷயத்தில், அக்குற்றத்தைச் செய்வதற்கான உடல், மன ஆற்றல், விளைவை உணரும் திறன், செயல் நடந்த சூழ்நிலை ஆகியவற்றை மதிப்பிடச் சொல்கிறது. பிறவிக்குணம் எது என்று அது கேட்கவில்லை. எனவே ‘குற்றப் பின்னணியுள்ள குடும்பம்’ என்ற தொடரை எழுதாதீர்கள். அது எதையும் தெரிவிப்பதில்லை, படிப்பவர் மனத்தில் முடிவை மட்டும் விதைத்துவிடும். தந்தை தண்டனை பெற்றிருந்தால், எந்த ஆண்டு, எதற்காக, அப்போது பையனுக்கு என்ன வயது, அந்தக் காலத்தில் வீட்டில் அவனோடு இருந்தவர் யார், பள்ளிக்குப் போனானா என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள்.