சூட்டில் கருகிய சுருள் முடியை மீட்பது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்ட்ரெய்ட்னர் சுட்ட முடி பழையபடி ஆகாது. தலைத்தோலை விட்டு வெளியே வந்த முடியில் உயிர் இல்லை. கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன இழை அது. தோலில் பட்ட புண் ஆறுவது போல ஆற அதற்கு வழியில்லை. ஆகவே மீட்பது என்றால், புதிய முடி வளர்ந்து இறங்கும்வரை பழையது ஒடிந்து கொட்டாமல் பார்த்துக்கொள்வது. அதை ரங்கூனில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்யலாம்.

இந்த ஊரில் நம் பெண்களுக்கு இந்தத் தொல்லை ஏன் கூடுதலாக வருகிறது என்று பார்த்தால், பாதிக் காரணம் மழை. மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரை காற்றே நனைந்திருக்கும். நேராக்கிய முடியை அந்த நிலையில் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டால் அவை அவிழ்ந்துவிடும். பஸ் ஏறுவதற்குள் முடி மறுபடி சுருண்டுகொள்ளும். மறுநாள் காலையில் மறுபடி சூடு.

மீதிக் காரணம் மின்வெட்டு. கரன்ட் இருக்கும் நேரத்துக்குள் வேலையை முடிக்கவேண்டும் என்று, தலை காயாமலேயே ஸ்ட்ரெய்ட்னரை எடுப்பவர்கள் பலர். சூட்டுச் சேதத்தில் இதைவிடக் கொடியது இல்லை. முடித்தண்டுக்குள் இருக்கும் நீர் ஆவியாகி, உள்ளேயே குமிழிகளை உண்டாக்குகிறது. நுண்ணோக்கியில் அவற்றைப் பார்க்க முடியும். முடி முறிவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

1. நனைத்துப் பாருங்கள்

தலையை நன்றாக நனைத்து, எதுவும் தடவாமல் கண்ணாடி முன் நில்லுங்கள். வேர்ப்பக்கம் சுருண்டு, நடுவிலிருந்து நுனி வரை தளர்ந்து தொங்கினால் அந்தத் தொங்கும் பகுதி வெந்துபோனது. பெரும்பாலும் நெற்றியோரமும் மேலடுக்கும்தான் அப்படி இருக்கும், கருவி அதிகம் போன இடங்கள் அவை. பின்கழுத்து முடி பொதுவாகத் தப்பித்திருக்கும். உங்கள் உண்மையான சுருள் எப்படிப்பட்டது என்பதை அங்கே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு உதிர்ந்த முடியில் ஓர் இழையை நனைத்து மெதுவாக இழுங்கள். சற்று நீண்டு, விட்டதும் சுருங்கினால் கவலை குறைவு. நீண்டு நீண்டு கூழாகி அறுந்தால் புரதம் சிதைந்திருக்கிறது. நீளாமலே படக்கென்று ஒடிந்தால் வறட்சி அதிகம். இந்தச் சோதனை துல்லியமானதல்ல, ஆனால் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று காட்டும்.

சீப்பில் வரும் முடியின் முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. நாள்தோறும் கொஞ்சம் உதிர்வது இயல்பு; கொத்துக் கொத்தாகவோ வட்டமாகவோ உதிர்ந்தால் அது சூட்டின் வேலையல்ல. தோல் மருத்துவரிடம் போங்கள், இந்தக் குறிப்புகள் உதவாது.

2. சூட்டை நிறுத்துங்கள், நுனியை வெட்டுங்கள்

ஸ்ட்ரெய்ட்னரை எடுத்து உள்ளே வையுங்கள். இதை விளக்க ஒன்றுமில்லை.

வெட்டுவதில்தான் பலர் தயங்குவார்கள். பிளந்த நுனியை எந்தத் தைலமும் ஒட்டாது. விட்டுவைத்தால் பிளவு மேல்நோக்கி ஏறும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டித் தீர்க்கவும் தேவையில்லை. முடி மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு சென்டிமீட்டர் எடுத்துவந்தால் நீளம் பெரிதாகக் குறையாமல் கெட்ட பகுதி கழிந்துவிடும். முப்பது சென்டிமீட்டர் வெந்திருந்தால் குறைந்தது இரண்டரை ஆண்டு ஆகும். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியம்மா, அத்தை எல்லாரும் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

3. குளிப்பதற்கு முன் தேங்காய் எண்ணெய்

தலைக்குக் குளித்த பிறகு எண்ணெய் பூசும் வழக்கத்தை இப்போதைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவோ, குளிக்க ஒரு மணி நேரம் முன்போ, நடுவிலிருந்து நுனி வரை தடவுங்கள். தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் காரணம் ஏற்கக்கூடியது: அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் புகுந்து, நீர் அளவுக்கு மீறி ஏறுவதைத் தடுக்கிறது.

4. தயோ கின்பூனால் அலசுங்கள்

இந்த ஒரு விஷயத்தில் ரங்கூன்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். திஞ்ஞான் என்னும் தண்ணீர்த் திருவிழா முடிந்து புத்தாண்டு பிறக்கும்போது பர்மியர்கள் தலைக்குத் தேய்த்துக் குளிக்கும் தயோ கின்பூனில், கின்பூன் நம் சீயக்காயேதான். தயோ ஒரு மரப்பட்டை. தண்ணீரில் பிசைந்தால் வழவழவென்று கூழ் விடும். சீயக்காய் அழுக்கை எடுக்கும், பட்டைக் கூழ் சிக்கு விழாமல் வழுக்க வைக்கும். வெறும் சீயக்காய்த் தூளைவிட வெந்த முடிக்கு இது எவ்வளவோ மேல். தூளின் சொரசொரப்பு உராய்ந்து முடியை இன்னும் கெடுக்கும்.

அனோரதா சாலைக் காளியம்மன் கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தெய்ஞ்சி சந்தையில் காயும் பட்டையும் வாங்கலாம். ஒரு கைப்பிடி காயைத் தட்டி, ஒரு லிட்டர் தண்ணீரில் நிறம் இறங்கும்வரை கொதிக்கவிடுங்கள். ஆறியதும் பட்டையைப் போட்டு, கூழ் வரும்வரை கையால் பிசையுங்கள். மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டுங்கள். அன்றைக்கே பயன்படுத்துங்கள், சீக்கிரம் புளித்துவிடும். சந்தையில் பையில் கட்டி விற்கும் தயார் கரைசலுக்கும் இதே விதிதான். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றுங்கள்.

வாரம் ஒருமுறை போதும். சீயக்காயும் அழுக்கெடுக்கும் பொருள்தான், இயற்கையானது என்பதற்காகத் தினமும் தேய்த்தால் முடி வறளும்.

5. கண்டிஷனர், சிக்கு, புரதம்

அலசிய பின் கடையில் வாங்கிய சாதாரண கண்டிஷனரைத் தாராளமாகப் பூசி, அது தலையில் இருக்கும்போதே சிக்கெடுங்கள். முதலில் விரல், பிறகு அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கி மேலே போகவேண்டும். காய்ந்த சுருளில் சீப்பை வைக்காதீர்கள்.

இழுத்தபோது கூழாகி அறுந்ததே, அந்த முடிக்கு மாதம் ஒருமுறை புரதக் கலவை தேவை. குப்பியின் மேல் ஹைட்ரோலைஸ்டு புரதம் என்று இருக்கிறதா பாருங்கள். சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதம் அது. முட்டையை உடைத்துத் தலையில் ஊற்றுவது வீண் வேலை. அந்தப் புரதம் பெரியது, முடிக்குள் போகாது. வாடைதான் மிஞ்சும். முட்டையைச் சாப்பிடுங்கள், வளரப்போகும் முடிக்காவது உதவும்.

துவட்ட டர்க்கித் துண்டு வேண்டாம். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய பருத்திக் கைலி எல்லார் வீட்டிலும் இருக்கும். அதைச் சுற்றி, தேய்க்காமல் அழுத்தி ஈரத்தை எடுங்கள். இரவில் தளர்வாகப் பின்னிக்கொண்டு படுங்கள்.

6. மறுபடி நேராக்கியே ஆகவேண்டும் என்றால்

கல்யாணம் வரும், ஆசையும் வரும். வெந்த பகுதி முழுவதும் வெட்டிக் கழிந்த பிறகு, எப்போதாவது ஒருமுறை செய்யலாம். முடி முழுக்கக் காய்ந்திருக்கவேண்டும். கருவியை வைத்ததும் சுர்ரென்று சத்தம் வந்தால் உடனே எடுத்துவிடுங்கள். சூட்டுக்காப்புத் தைலம் பூசி, அதையும் காயவிடுங்கள். 180 டிகிரிக்கு மேல் வேண்டாம். கருவியில் 230 வரை எண் இருக்கிறது என்பதற்காக அதைத் தொடவேண்டியதில்லை. மெல்லிய கொத்தாகப் பிரித்து ஒரே இழுப்பு. அழகு நிலையத்தில் செய்துகொள்வதானால் எத்தனை டிகிரி என்று முதலில் கேளுங்கள். எண்ணே காட்டாத கருவி என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.