மாற்றத்தை ஒரே ஒரு நோயாளியிடம் தொடங்குங்கள்

நான் வார்டு பொறுப்பு நர்ஸாக இருந்தபோது எங்களை வாட்டிய பிரச்சினை ஒன்றுதான். டாக்டர் எழுதிய முதல் டோஸ் ஆன்டிபயாடிக் நோயாளிக்குப் போய்ச் சேரத் தாமதமானது. நீங்களும் இப்படி ஒன்றை மட்டும் கையில் எடுங்கள்.

முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எதைச் சாதிக்கப் போகிறோம்? நிலைமை மேம்பட்டது என்று எப்படித் தெரியும்? எதை மாற்றிப் பார்க்கலாம்? "சீக்கிரம் கொடுப்போம்" என்பது இலக்கு ஆகாது. எத்தனை நிமிடத்துக்குள், எந்தத் தேதி முதல் என்று இருக்க வேண்டும்.

அப்புறம் மருந்துச் சீட்டின் பின்னாலேயே நடந்து பாருங்கள். இதை மட்டும் தவிர்க்கவே கூடாது. நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது: நர்ஸ்கள் மெதுவாக இல்லை, சீட்டு ஒரு தட்டில் காத்துக் கிடந்தது. ஆளைத் திட்டியிருந்தால் அந்தத் தட்டு இன்றும் அங்கேயே இருந்திருக்கும்.

மாற்றத்தை ஒரு ஷிஃப்டில், ஒரு நர்ஸோடு, ஒரு நோயாளிக்குச் செய்து பாருங்கள். திட்டமிடு, செய், ஆராய், செயல்படு. தர மேம்பாட்டு முன்னோடிகளான ஷூஹார்ட், டெமிங் வழியாக வந்த சுழற்சி இது. சரிவரவில்லை என்றால் திருத்தி மறுநாள் மறுபடி செய்யுங்கள்.

தினமும் ஆன நேரத்தை வரைபடத்தில் புள்ளியாக வைத்து, பாதிப் புள்ளிகள் மேலும் பாதி கீழும் இருக்கும்படி இடைநிலைக் கோடு போடுங்கள். தொடர்ந்து 6 புள்ளிகளாவது கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால்தான் மாற்றம் வந்திருக்கிறது என்று நம்பலாம். ஒரு நல்ல நாள் போதாது. கூடவே, அவசரத்தில் ஒவ்வாமை பற்றிக் கேட்பது விட்டுப்போகிறதா என்றும் எண்ணுங்கள். விட்டுப்போனால் அன்றைக்கே நிறுத்துங்கள்.