வெடிமருந்து வேலை: லைசன்ஸ் இருந்தும் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

"லைசன்ஸ்தான் இருக்கே" என்று யாராவது சொன்னால், எதற்கு, எங்கே, எவ்வளவுக்கு என்று திருப்பிக் கேளுங்கள். வெடிமருந்து உரிமம் எங்கேயும் பொத்தாம்பொதுவாகத் தரப்படுவதில்லை. இருப்பு வைக்க ஒன்று, வண்டியில் ஏற்றிப் போக ஒன்று, வெடி வைக்கும் ஆளுக்குத் தனியாகத் தகுதிச் சான்று என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதில் எழுதியிருக்கும் கிடங்கு, வகை, உச்ச அளவு, இவற்றில் எது மாறினாலும் உங்கள் கையில் இருப்பது வேறு சரக்குக்கான காகிதம்.

அளவை ஆய்வாளர் எண்ணிப் பார்த்துவிடுவார். வகையில்தான் ஏமாந்து போகிறார்கள். ஐ.நா. வகைப்பாட்டில் வெடிபொருள்கள் 1-ஆம் வகுப்பு, அதற்குள் 1.1 முதல் 1.6 வரை ஆறு பிரிவுகள். 1.1 என்றால் மொத்தச் சரக்கும் ஒரே நேரத்தில் வெடிக்கக்கூடியது, 1.4 என்றால் ஆபத்து பெரும்பாலும் அந்தப் பெட்டியோடு நின்றுவிடும். நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் குடியிருப்புக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்குக்கு உரிமம் இருந்தது, ஆனால் உள்ளே கிடந்ததில் கணிசமான பங்கு லேபிள் சொன்னதைவிட வீரியமான சரக்கு. 2000 மே 13 அன்று அது வெடித்ததில் 23 பேர் இறந்தார்கள், சுமார் 400 வீடுகள் அழிந்தன. லேபிளை ஒட்டியவர்மேல் பழியைப் போட்டுவிட்டு, வாங்கி அடுக்கியவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அப்புறம் டெட்டனேட்டர். "கொஞ்ச தூரம்தானே" என்று வெடிமருந்தோடு ஒரே பெட்டியில் போட்டு எடுத்துப் போவதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. எமல்ஷன் மாதிரியான வெடிமருந்துகள் சட்டென்று வெடிக்காதபடி செய்யப்பட்டவை, அவற்றை வெடிக்க வைப்பதற்கென்றே இருப்பது டெட்டனேட்டர். இரண்டையும் சேர்த்து வைத்தால் அந்தப் பாதுகாப்பை நாமே கழற்றிப் போடுகிறோம். மின்சாரம் பாய்ந்தால் வெடிக்கும் மின் டெட்டனேட்டர் என்றால் இன்னும் கவனம்: வயர் முனைகளை இணைக்கும் நேரம் வரை முறுக்கியே வைக்க வேண்டும், வயர்லெஸ் செட்டும் செல்போனும் பக்கத்தில் கூடாது, இடி மின்னல் வருவது தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் வெளியே.

பாறையில் துளை போட்டு மருந்து நிரப்பியும் வெடிக்காமல் போன துளைக்குப் பக்கத்தில் அவசரப்பட்டுப் போவது அடுத்த தவறு. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வெடிக்க வைக்கும் முறையையும் அந்த ஊர் விதியையும் பொறுத்தது, ஃபோர்மேனின் பொறுமையைப் பொறுத்ததல்ல. காத்திருந்த பிறகும் வெடி வைக்கச் சான்று பெற்ற ஆள்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். வெடித்து முடிந்த பழைய துளையின் அடிப்பகுதி காலியாகத் தெரிந்தாலும் அதிலேயே மறுபடி டிரில் போடாதீர்கள், அடியில் மருந்து மிச்சம் இருக்கலாம்.

ரெஜிஸ்டரை வாரக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவதும் வழக்கமாகிவிட்டது. எடுத்தது, வெடித்தது, திரும்பி வந்தது, மூன்றும் அன்றன்றே கணக்கில் ஏறாவிட்டால் ஒரு பெட்டி காணாமல் போனதே தெரியாது, தெரியும்போது எந்த ஷிப்டில் போனது என்று சொல்ல ஆள் இருக்காது. காலாவதியானதைத் தனியாகப் பிரித்து வையுங்கள். அதை எரிப்பது, புதைப்பதெல்லாம் உங்கள் வேலை இல்லை, தயாரிப்பாளருக்கோ உரிமம் தந்த அதிகாரிக்கோ தகவல் சொல்லுங்கள்.