எம்.ஜி.பி. காரின் ஹீட்டர் கோர்: கழற்றுவதும் காப்பாற்றுவதும்

ஹீட்டர் கோர் என்பது உள்ளங்கைகள் இரண்டில் அடங்கும் குட்டி ரேடியேட்டர். சூடான கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இதற்குள் ஓடி, காருக்குள் வரும் காற்றைச் சூடாக்கும். கோர் இருக்கும் ஹீட்டர் பெட்டி வெளியே வந்துவிட்டால் அதை மாற்றக் கால் மணி நேரம் போதும். ஆனால் எம்.ஜி.பி.யில் அந்தப் பெட்டியை வெளியே எடுப்பதற்கே ஒரு நாள் போய்விடும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான இந்த ஸ்போர்ட்ஸ் காரில், இன்ஜினுக்குப் பின்னால், முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தட்டில் பெட்டி இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கிறது. இரண்டாம் முறை கழற்ற யாருக்கும் மனம் வராது. அதனால் கோருடன் ஸ்பாஞ்ச், ஹோஸ்கள், விசிறி மோட்டார், கோருக்குக் கூலண்டைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வு எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துவிடுங்கள். கீழே சொல்வது நான்கு சிலிண்டர் கார்களுக்கானது.

முதலில் குற்றவாளி கோர்தானா என்று உறுதிசெய்யுங்கள். கால் வைக்கும் இடத்தில் கார்பெட் நனைந்திருந்தால் உடனே கோர்மீது பழி போட வேண்டாம். கண்ணாடிக்கு முன்னாலுள்ள கிரில் வழியாக இறங்கும் மழைநீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காருக்கு அடியில் வடிய வேண்டும். அந்தக் குழாயில் இலையும் சேறும் அடைத்தால் நீர் உள்ளே வழியும். வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். மழைநீர் சாதாரணமாகக் காய்ந்துவிடும். கூலண்ட் பிசுபிசுக்கும், நிறம் காட்டும், இனிப்பு வாடை வீசும். கண்ணாடியின் உட்புறம் எண்ணெய் பூசியதுபோல் மங்கினாலும் அது கோர் லீக்தான்.

லீக் இல்லை, சூடுதான் வரவில்லை என்றால் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் குளிர்ந்திருந்தால் சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் வால்வு திறக்கவில்லை, அல்லது குழாயில் காற்று அடைத்திருக்கிறது. ஒன்று கொதித்து மற்றது வெதுவெதுப்பாக இருந்தால் கோருக்குள் அடைப்பு. இரண்டும் சூடாக இருந்தும் காற்று மட்டும் குளிராக வந்தால், கோரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் உதிர்ந்து காற்று பக்கவாட்டில் தப்பிப் போகிறது. கடைசியாகச் சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை. புதுக் கோர் போட்டும் குளிர் குறையாததற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். 1967 வரை வந்த மார்க் 1 கார்களில் பாசிட்டிவ் முனைதான் எர்த், மறக்க வேண்டாம். பானட்டை முழுதாகக் கழற்றி வைத்தால் முதுகு தப்பிக்கும். ஹீட்டர் குமிழைச் சூடு பக்கம் திருப்பி வைத்துக் கூலண்டை வடியுங்கள். வடிகால் திருகு இல்லாத ரேடியேட்டரானால் கீழ் ஹோஸைக் கழற்ற வேண்டும். மொத்தம் ஐந்தரை லிட்டருக்கு மேல் வரும். பெரிய தட்டில் பிடித்து உடனே மூடி வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், அது அவற்றுக்குக் கொடிய விஷம்.

அடுத்தது ஹோஸ்கள். நல்ல கோர்கள் பாழாவது இந்த இடத்தில்தான். பல ஆண்டு ஒட்டிக் கிடந்த ரப்பரைப் பிடித்து முறுக்கினால், கோரிலிருந்து வரும் மெல்லிய செம்புக் குழாய் ஈயப் பற்றோடு திருகிக்கொண்டு கிழியும். இழுக்க வேண்டாம், முறுக்கவும் வேண்டாம். கிளிப்பைத் தளர்த்தி, கத்தியால் ரப்பரை நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். புது ஹோஸ் அரை அங்குல உள்விட்டம், விலையும் குறைவு. மோட்டாரின் இரண்டு ஒயர்களையும் இணைப்பில் பிரித்து, எது எதனோடு சேர்ந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி கேபினுக்குள். நடுக் கன்சோலைக் கழற்றினால் டாஷ்போர்டுக்கு அடியில் கை போகும். கண்ணாடிக்குக் காற்று கொண்டுபோகும் இரண்டு குழாய்களையும் பெட்டியிலிருந்து உருவுங்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று மடலை இயக்கும் கேபிளையும் விடுவியுங்கள். கேபிள் பிடிப்பு இருந்த இடத்தில் முன்கூட்டியே மார்க்கரால் கோடு போட்டு வைத்தால் பிறகு சரிசெய்யும் வேலை மிச்சம்.

பெட்டியின் விளிம்பைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களை எடுத்த பிறகும் அது அசையாது. அடியில் உள்ள ஸ்பாஞ்சும் பழைய பெயிண்டும் அதைத் தட்டோடு ஒட்டியிருக்கும். பட்டையான பிளாஸ்டிக் நெம்பியை விளிம்பின் அடியில் கொடுத்து ஒவ்வொரு மூலையாகத் தளர்த்துங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் தகரம் வளைந்து, திரும்ப வைக்கும்போது காற்று கசியும். தளர்ந்ததும் நேராக மேலே தூக்குங்கள். சிக்கினால் பலம் காட்டாதீர்கள். ஒரு கேபிளோ காற்றுக் குழாயோ இன்னும் மாட்டியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒருவர் உள்ளிருந்து தள்ள, ஒருவர் வெளியிலிருந்து தூக்கினால் சுலபம்.

பெட்டியின் கிளிப்புகளைக் கழற்றித் திறந்து கோரை உருவுங்கள். இப்போது முடிவெடுக்க வேண்டும். பழைய கோர் செம்பும் பித்தளையும் ஈயத்தால் இணைத்தது, பழுதுபார்க்கக் கூடியது. குழாய் வாயிலோ, ஓரத் தொட்டியின் மூட்டிலோ கசிந்தால் காப்பாற்றலாம். நடுவில் பச்சை பூத்து, விரல் பட்டாலே தகடுகள் உதிர்ந்தால் புதிதாக வாங்குங்கள். ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்த மாதம் பக்கத்தில் இன்னொன்று வரும். லீக்கை அடைக்கும் தூள், திரவம் எதையும் கூலண்டில் ஊற்ற வேண்டாம். அவை முதலில் அடைப்பது இந்தக் கோரின் குறுகிய குழாய்களைத்தான்.

காப்பாற்றுவதானால் முதலில் தோட்டக் குழாயால் இரு திசையிலும் மாற்றி மாற்றி நீர் விடுங்கள், மிதமான அழுத்தம் போதும். பிறகு ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து நிரப்பி, இரண்டு மணி நேரம் வைத்துக் கொட்டுங்கள். வரும் நீர் தெளியும்வரை மறுபடி செய்யலாம். கடைசியில் சமையல் சோடா கலந்த நீரால் அலசுங்கள். ஒரு வாயை அடைத்து, மறு வாயில் சைக்கிள் பம்பால் 15 பி.எஸ்.ஐ. காற்று கொடுத்து, வாளி நீரில் ஐந்து நிமிடம் மூழ்க வையுங்கள். அதற்கு மேல் அழுத்தம் வேண்டாம், பழைய மூட்டுகள் பிரிந்துவிடும். குமிழி வரும் இடத்தைக் குறித்து, உலர்த்தி, செம்பு பளபளக்கும்வரை தேய்த்து, ஃபிளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) தடவி ஈயம் வையுங்கள். சிறிய சுடரைச் சற்றுத் தள்ளியே காட்டுங்கள். பக்கத்து மூட்டின் ஈயமும் உருகி ஓடுவதுதான் இதில் வழக்கமான விபத்து. கை பழகாதவர்கள் ரேடியேட்டர் கடையில் கொடுப்பதே நல்லது.

கோர் வெளியே இருக்கும்போதே பெட்டியின் துருவைச் சுரண்டி பெயிண்ட் அடியுங்கள். மோட்டாரைப் பேட்டரியில் நேரடியாகக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். கீச்சிட்டாலோ மெதுவாகச் சுற்றினாலோ இப்போதே மாற்றுங்கள். பெட்டி உட்கார்ந்திருந்த இடத்தில் தேங்கிய குப்பையை வாரி, வடிகால் குழாயைக் குத்தித் திறந்து, ஒரு குவளை நீர் ஊற்றிக் காருக்கு அடியில் சொட்டுகிறதா பாருங்கள். ஹெட்டில் இருக்கும் வால்வின் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள்.

கோரின் நான்கு பக்கமும் நீர் உறிஞ்சாத ஸ்பாஞ்ச் பட்டையை இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். பெட்டியின் அடியிலும் புது ஸ்பாஞ்ச் வேண்டும். ஆனால் அதிகத் தடிமனாக ஒட்டினால் பெட்டி தட்டில் இறங்காது. விளிம்பில் சோப்பு நீர் தடவினால் வழுக்கி உட்காரும். காற்றுக் குழாய்களையும் கேபிளையும் மாட்டி, மடல் முழுதாகத் திறந்து மூடுகிறதா என்று பார்த்த பிறகே ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். ஹோஸ் கிளிப்புகளை அளவாக முடுக்குங்கள். அதிகமானால் செம்புக் குழாய் நசுங்கும்.

நிரப்ப, துருத்தடுப்பு சேர்ந்த நீல நிற எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி. இந்தக் கலவை சுமார் மைனஸ் 36 டிகிரி வரை உறையாது. ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். ஹீட்டரிலிருந்து திரும்பும் ஹோஸை அது மாட்டியிருக்கும் முனையில் சற்றுத் தளர்த்தி, காற்று போய் நீர் மட்டும் வரும்போது மாட்டுங்கள். காரின் முன்பக்கம் உயர்ந்திருந்தால் காற்று சீக்கிரம் வெளியேறும். இன்ஜினை தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு, குறைந்ததை நிரப்பி, கிளிப்புகளை இன்னொரு முறை முடுக்குங்கள். கன்சோலை உடனே மாட்ட வேண்டாம். இரண்டு மூன்று நாள் ஓட்டி, பெட்டிக்கு அடியில் வைத்த காகிதம் உலர்ந்தே இருந்தால் மாட்டலாம்.