ஹெட்போனில் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதா?

ஒரு காதில் சத்தம் நின்றுவிட்டது என்று ஹெட்போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் போனின் ஜாக் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பஞ்சுத் தூசி அடைந்திருந்தால் ஹெட்போன் பின் (துளையில் செருகும் முனை) முழுதாக இறங்காது. போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெல்ல எடுத்தாலே சரியாகிவிடும்.

அது இல்லையென்றால், பாட்டை ஓடவிட்டு ஒயரை அங்கங்கே மடக்கிப் பாருங்கள். எந்த இடத்தில் விட்டுவிட்டுக் கேட்கிறதோ, அங்கேதான் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் அது பின்னை ஒட்டிய இடமாகத்தான் இருக்கும். எந்நேரமும் வளைவது அதுதானே. அதற்கு ஓர் அங்குலம் மேலே வெட்டிவிட்டு, புது 3.5 மி.மீ. பின் ஒன்றை ஈயத்தால் பற்றவைக்கலாம்.

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளின் மேல் தெரியும் நிறம், மின்சாரம் கடத்தாத எனாமல் பூச்சு. அதை நீக்காமல் ஈயம் ஒட்டாது. சூடான சால்டரிங் அயர்னில் (ஈயத்தை உருக்கும் கருவி) புது ஈயத்தோடு கம்பி நுனியைச் சில நொடிகள் வைத்திருங்கள். பூச்சு எரிந்து, நுனி வெள்ளிபோல் மினுங்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

மூன்று பகுதி உள்ள பின்னில் நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, அடிப்பகுதி பொதுக் கம்பிக்கு. சிவப்புக் கம்பி பெரும்பாலும் வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் பொது. மைக் இருந்தால் நான்கு பகுதி உள்ள பின் வேண்டும்.

அப்புறம் ஒன்று: பற்றவைப்பதற்கு முன்பே பின்னின் மூடியை ஒயரில் கோத்துவிடுங்கள்.